பழைய பைக்கின் ஜெட் அடைப்பு: ஸ்ப்ரே டப்பா, அல்ட்ராசோனிக் தொட்டி, ரிப்பேர் கிட் – எதற்குக் காசு கொடுக்கலாம்?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கார்ப்ரேட்டரைக் கழற்றி, ஜெட்களை (பெட்ரோலை அளந்துவிடும், சின்னத் துளையுள்ள பித்தளைத் துண்டுகள்) வெளியே எடுத்துவிட்டு அடித்தால் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே கொடுத்த காசுக்கு வேலை செய்யும். கழற்றாமல் ஏர் ஃபில்டர் பக்கம் வாயில் அடித்தால் டப்பா காலியாகும், ஜெட் அப்படியே இருக்கும். டேங்கில் ஊற்றும் மருந்து ஏற்கனவே அடைத்த ஜெட்டுக்கு உதவாது. அதிர்வுத் தொட்டியில் கழுவும் அல்ட்ராசோனிக் வருஷக்கணக்கில் நின்ற வண்டிக்குத்தான் தேவை. ரிப்பேர் கிட் வாங்கலாம், ஆனால் அதில் வருகிற ஜெட்களை யோசித்துத்தான் போட வேண்டும்.

இது ஸ்ப்ளெண்டர், ஆர்எக்ஸ் 100, மேக்ஸ் 100, காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட் மாதிரியான கார்ப்ரேட்டர் வண்டிகளுக்கானது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு வாங்கிய பைக்குகளில் பெரும்பாலும் இன்ஜெக்டர்தான் இருக்கும். அது வேறு கதை.

நம்ம ஊரில் ஏன் இவ்வளவு அடைப்பு

குமரி மாவட்டத்தில் ஜெட் அடைப்புக்கு முதல் காரணம் வண்டி ஓடாமல் நிற்பது. வீட்டுக்கொரு ஆள் வளைகுடாவில். வண்டி ஷெட்டில் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு வருஷம், இரண்டு வருஷம் நிற்கும். கார்ப்ரேட்டரின் அடியில் பெட்ரோல் தங்கும் கப்பில் மிஞ்சியிருக்கும் கொஞ்சம் பெட்ரோல் மெல்ல ஆவியாகும். ஆவியாகாத கனமான பகுதி காற்றோடு சேர்ந்து, முதலில் தேன் நிறப் பசையாக, பிறகு வார்னிஷ் மாதிரிக் கெட்டியாகப் படியும். டூ-ஸ்ட்ரோக் வண்டியில் 2டி ஆயிலைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிறவர்களுக்கு அந்த ஆயிலும் கப்பின் அடியில் தங்கி, பசை இன்னும் கெட்டியாகும்.

இரண்டாவது காரணம் ஈரம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டையும் வாங்குகிற மாவட்டம் இது. இப்போது பம்பில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கும். கப்பின் அடியில் நிற்பது, முழு வேகத்துக்குப் பெட்ரோல் விடும் மெயின் ஜெட். அங்கே வெள்ளைப் பவுடரும் பித்தளையில் பச்சைக் களிம்பும் பிடிப்பது இதனால்தான். குளச்சல், முட்டம் மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்று வெளிப்பக்கத்தையும் அரித்து, கப்பின் ஸ்க்ரூக்களை இறுக்கிவிடும். ஜெட்டைச் சுத்தம் செய்வதைவிட அந்த நாலு ஸ்க்ரூவைக் கழற்றுவதுதான் அங்கே பெரிய வேலை.

வார்னிஷும் உப்புக் களிம்பும் வேறு வேறு சரக்கு. வார்னிஷ் கரைப்பானில் கரையும். களிம்பும் வெள்ளைப் பவுடரும் எந்த ஸ்ப்ரேயிலும் சுலபத்தில் கரையாது. டப்பாவின் மேல் "எல்லா அழுக்கையும் நீக்கும்" என்று போட்டிருந்தாலும் அப்படித்தான். வாங்கினவர்கள் ஏமாறுகிற இடம் இது.

அடைத்திருப்பது எது?

ஸ்ப்ரே வாங்கப் போகும் முன் ஆக்ஸிலரேட்டர் பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு போடுங்கள். வண்டியை ஓட்டி, எந்தக் கோட்டில் இழுக்கவில்லை என்று பாருங்கள். கால் பங்குக்குள் தடுமாறினால், ஐட்லிங் நிற்காவிட்டால், சோக் போட்டால் மட்டும் ஓடினால், அடைத்திருப்பது ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டும் அதன் வழிகளும். காலுக்கும் முக்காலுக்கும் நடுவே மந்தமாக இருந்தால், ஆக்ஸிலரேட்டரோடு ஏறி இறங்கும் ஊசியான நீடிலும் அது நுழையும் நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேல் திருகியும் வேகம் ஏறாமல் மூச்சு முட்டினால் மெயின் ஜெட். காலையில் சோக் போட்டும் போடாததுபோலவே இருந்தால் சோக்குக்கான தனிச் சிறு துளை. அது சில கார்புகளில் கப்பிலேயே ஓர் ஓரக் கிணறாக இருக்கும். கப்பைத் துடைத்துவிட்டு அந்தத் துளையை மறந்து மூடுகிறவர்கள் நிறைய.

நின்ற வண்டிகளில் முதலில் அடைப்பது பைலட் ஜெட். துளையின் அளவு அப்படி. ஜப்பானிய கார்ப் கம்பெனியான கைஹினில் 38 என்று நம்பர் போட்ட ஜெட்டின் துளை 0.38 மி.மீ. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஓட்டையில் ஒரு தூசிப் பசை போதும்.

ஒரு எச்சரிக்கை: இன்ஜினுக்கும் கார்புக்கும் நடுவே உள்ள மேனிஃபோல்ட் ரப்பர் வெடித்திருந்தாலும், ஓ-ரிங் செத்திருந்தாலும் பைலட் அடைப்பின் அறிகுறிகள் அத்தனையும் காட்டும். ஐட்லிங் ஓடவிட்டு, அந்த இணைப்பைச் சுற்றி ஸ்ப்ரேயை ஒரு விநாடி அடித்துப் பாருங்கள். இன்ஜின் சத்தம் மாறினால் காற்று உள்ளே போகிறது. ஜெட்டைத் தொட வேண்டாம். இன்ஜின் சூடேறும் முன், சைலன்சர் பக்கம் படாமல் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் அந்த ஸ்ப்ரே பெட்ரோலைப் போலவே பற்றும்.

ஸ்ப்ரே டப்பா – 5-க்கு 4, கழற்றி அடித்தால் மட்டும்

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை ஸ்பேர் கடைகளில் கேட்டால் 450 அல்லது 500 மி.லி. டப்பா கையில் தருவார்கள். விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு சிலிண்டர் வண்டிக்குச் சுத்தமாகச் செய்தால் அரை டப்பா போதும். கம்பெனி பெயரைவிட முக்கியமான மூன்று விஷயங்கள்: நீண்ட சிவப்புக் குழல் கூடவே இருக்கிறதா, அழுத்தம் கடைசி வரை நிற்கிறதா, பின்பக்கத்தில் அசிட்டோன், டொலுயீன், சைலீன் மாதிரி கரைப்பான்கள் எழுதியிருக்கிறதா. குழல் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். உள் வழிகளுக்குள் மருந்தை ஏற்றுவது அந்தக் குழல்தான்.

கடையில் கார்ப் கிளீனர் கேட்டால் சாதாரண டபிள்யூ.டி.-40 டப்பாவை நீட்டுவது உண்டு. அது துரு இளக, ஈரம் விரட்ட நல்லது. இறுகிய ஸ்க்ரூவுக்கு முதல் நாள் இரவே அடித்து வையுங்கள். வார்னிஷுக்கு அது போதாது. அதே கம்பெனி கார்ப் கிளீனர் தனியாக விற்கிறது. பிரேக் கிளீனர் வேகமாக உலரும், கடைசி அலசலுக்கு ஆகும். பழைய வார்னிஷைக் கரைக்கும் வலு அதில் குறைவு.

இனி வேலை. பெட்ரோல் டேப்பை மூடி, கப்பின் அடியிலுள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து, வருவதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். அடியில் தனியாகத் தண்ணீர்க் குமிழ் உருண்டால் பிரச்சினை கார்பில் மட்டும் இல்லை, டேங்கிலும் உண்டு. டேங்கில் துரு இருந்தால் இன்றைக்குச் சுத்தம் செய்த ஜெட் அடுத்த வாரமே அடைக்கும். டேப்பின் வலையையும் கழற்றிப் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

கார்ப்ரேட்டரை இறக்கி, ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுக்கும் ஸ்லைடையும் அதில் தொங்கும் நீடிலையும் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். நீடிலின் கிளிப் எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று போன் கேமராவில் ஒரு படம் எடுங்கள். கப்பின் ஸ்க்ரூக்கள் ஜப்பானிய வடிவமைப்பு கார்புகளில் ஜே.ஐ.எஸ். என்ற வகைக் குறுக்குத் தலை. பார்க்க சாதாரண ஸ்டார் மாதிரியே இருக்கும். ஆனால் பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவரைப் போட்டு அழுத்தினால் அது மேலே ஏறி வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். ஒரு நல்ல ஜே.ஐ.எஸ். ஸ்க்ரூடிரைவர், இந்த விமர்சனத்தில் வருகிற எல்லாப் பொருளையும்விட உபயோகமானது. இறுகியிருந்தால் கொதிக்கும் தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றி உடனே திருகுங்கள். தீக்குச்சி, கேஸ் அடுப்பு எதுவும் கிட்டே வரக்கூடாது.

கப் கழன்றதும் கப்பில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் பின்னை இழுத்து மிதவையையும் அதன் ஊசியையும் எடுங்கள். பின்னை அழுத்தித் தட்டினால் அது நிற்கும் இரண்டு தூண்களில் ஒன்று முறியும், முறிந்தால் கார்ப் குப்பைக்கு. பிறகு மெயின் ஜெட், நீடில் ஜெட், பைலட் ஜெட். பித்தளை மெதுவானது. ஸ்க்ரூடிரைவர் முனை ஜெட்டின் பள்ளத்தை அகலம் முழுக்க நிரப்ப வேண்டும். பைலட் ஜெட் குழிக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கும், அதற்கு மெலிந்த நீண்ட முனை வேண்டும். பொருந்தாததைப் போட்டு வாயைச் சிதைத்தால் பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டிவரும்.

ஐட்லிங் கலவையைத் திருத்தும் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் அதை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அடி தொடுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அழுத்தி இறுக்காதீர்கள், ஊசி முனை மொட்டையாகும். சில கார்புகளில் அதோடு ஸ்பிரிங், சின்ன வாஷர், ஓ-ரிங் என்று மூன்று துணுக்குகள் வரும். வாஷரும் ஓ-ரிங்கும் உள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்காமல் காற்று அடித்தால் ஓ-ரிங் எங்கோ பறக்கும். பிறகு வண்டியை எந்தத் திருகிலும் டியூன் செய்ய முடியாது. "கார்ப் கிளீன் பண்ணினதிலிருந்துதான் வண்டி சரியில்லை" என்று சொல்பவர்களில் நிறையப் பேருக்கு நடந்தது இதுதான்.

ரப்பர் எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் ஸ்ப்ரே. ஓ-ரிங், கப்பின் பேக்கிங், யூ.சி.இ. (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ள) இன்ஜின் புல்லட் மாதிரி சி.வி. கார்ப் (காற்றிழுப்பில் ஸ்லைடு ஏறும் வகை) உள்ள வண்டிகளில் அந்த ரப்பர் டயஃப்ரம், இவற்றில் மருந்து பட்டால் ஊதிப் பெருக்கும். டயஃப்ரம் ஒரு முறை பெருத்தால் பழையபடி உட்காராது. அதன் விலைக்கு முன்னால் ஸ்ப்ரேயின் விலை ஒன்றுமே இல்லை.

இப்போதுதான் டப்பாவின் உண்மையான மதிப்பு தெரியும். பைலட் ஜெட் இருந்த குழிக்குள் குழலை வைத்து அடியுங்கள். மருந்து மூன்று இடங்களில் வர வேண்டும்: ஏர் ஸ்க்ரூ துளை, ஏர் ஃபில்டர் பக்கம் உள்ள பைலட் காற்றுத் துளை, தொண்டையில் ஸ்லைடின் அடியிலும் அதையொட்டி இன்ஜின் பக்கத்திலும் இருக்கும் ஊசிமுனைத் துளைகள். ஒவ்வொரு வாயையும் விரலால் மூடி, மற்றதில் பீச்சுகிறதா என்று பாருங்கள். நேர்கோட்டில் பீச்சினால் வழி திறந்திருக்கிறது. சொட்டினாலோ கசிந்தாலோ இன்னும் அடைப்பு உண்டு. மருந்தை நிரப்பி 15 நிமிஷம் விட்டு மறுபடி அடியுங்கள். கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதீர்கள். உள்ளே போன மருந்து நீங்கள் எதிர்பார்க்காத துளையில் நேராகக் கண்ணைப் பார்த்து வரும். முற்றத்தில், காற்றோட்டத்தில் வைத்துச் செய்யுங்கள்.

காற்று அடிக்க பஞ்சர் கடைக்குப் போகிறவர்கள் 40, 50 பி.எஸ்.ஐ.க்கு மேல் வேண்டாம் என்று சொல்லி அடியுங்கள். மிதவையும் டயஃப்ரமும் உள்ளே இருக்கும்போது காற்று அடிக்கவே கூடாது.

டப்பாவுக்கு ஒரு மதிப்பெண் குறைத்தது ஊறல் வேலைக்காக. ஸ்ப்ரே நிமிஷத்தில் ஆவியாகிவிடும், கெட்டி வார்னிஷுக்கு அது போதாது. ஜெட்களை மட்டும் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, மருந்தை அடித்து நிரப்பி, மூடி ஒரு ராத்திரி விட வேண்டும். பிளாஸ்டிக் டம்ளர் இளகிவிடும். இந்த ஊறலுக்கு பெயிண்ட் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னர் ஏறக்குறைய அதே பலன் தரும், விலையும் குறைவு. ஜெட்டுக்கு மட்டும் தின்னர், வழிகளுக்கு ஸ்ப்ரே என்று பிரித்துக்கொண்டால் டப்பா இரண்டு வண்டிக்கு வரும்.

பச்சைக் களிம்புக்கு எலுமிச்சைச் சாறு போட்டுக் கொதிக்க வைக்கும் பழக்கம் ஒர்க்‌ஷாப்களில் உண்டு. ஜெட்டுக்கு ஐந்து பத்து நிமிஷம், பிறகு நல்ல தண்ணீரில் அலசி உலர்த்தினால் பாதகமில்லை. கார்ப்ரேட்டர் உடலை அதில் போடாதீர்கள், கறுத்து அரிக்கும். ராத்திரி முழுக்க விடுவது பித்தளைக்கும் ஆகாது.

கம்பியா, தங்கூஸா

ஜெட்டைக் குத்திக் கிளற ஊக்கு, தையல் ஊசி, கிளட்ச் கேபிளின் இழை என்று கைக்குக் கிடைப்பதை எடுப்பார்கள். எஃகு பித்தளையைச் சுரண்டும். 0.38 துளை 0.42 ஆனால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது, பரப்பு மட்டும் சுமார் 22 சதவீதம் கூடிவிடும். ஜெட் நம்பர் 38 என்றே இருக்கும், வண்டி பெட்ரோலைக் குடிக்கும், பிளக் கறுக்கும், காரணம் யாருக்கும் தெரியாது.

இந்தக் கடற்கரையில் இதற்கு உள்ளூரிலேயே மருந்து இருக்கிறது: தூண்டிலில் கட்டும் தங்கூஸ் என்ற நைலான் நரம்பு. 0.30 மி.மீ. நரம்பு 0.38 துளையில் தாராளமாகப் போகும், பித்தளையைச் சுரண்டாது. முனையைச் சாய்வாக வெட்டி, ஊறிய ஜெட்டுக்குள் முறுக்கி நுழைத்து முன்னும் பின்னும் இழுங்கள். வலைச் சாமான் கடையில் ஒரு சுருள் வாங்கினால் ஆயுசுக்கும் போதும். நரம்பு போகாத அளவுக்குக் கெட்டியாக இருந்தால் மெல்லிய செம்புக் கம்பியின் ஒற்றை இழை. செம்பு பித்தளையைவிட மெதுவானது. கடைகளில் கிடைக்கும் ஜெட் கிளீனர் கம்பிக் கட்டில் சிலதற்கு அரம் மாதிரிச் சொரசொரப்பு இருக்கும். அது கேஸ் பர்னர் துளைக்கு ஆகும், ஜெட்டுக்கு வேண்டாம். 5-க்கு 1.

முடித்ததும் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓட்டை தெரிந்தால் மட்டும் போதாது, ஓரம் வட்டமாக, கூர்மையாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் நிழல் தட்டினால் இன்னும் பசை இருக்கிறது. பைலட் ஜெட்டின் பக்கவாட்டில் சின்னத் துளைகள் இருந்தால் அவையும், நீடில் ஜெட் குழாயின் பக்கத் துளைகளும் அத்தனையும் திறந்திருக்க வேண்டும்.

அல்ட்ராசோனிக் – தேவைப்படும்போது 5-க்கு 4½, மற்ற நேரத்தில் வீண் செலவு

தொட்டியில் தண்ணீரும் அதற்கான சோப்புக் கரைசலும் நிரப்பி, 50–60 டிகிரி சூட்டில், சுமார் 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் 15, 20 நிமிஷம் ஓட்டுவார்கள். கரைசலில் நுண்குமிழ்கள் உண்டாகி உடையும் வேகம், ஸ்ப்ரே குழல் எட்டாத மடிப்புகளிலும் அழுக்கைப் பெயர்க்கும். இரண்டு வருஷம் நின்ற வண்டி, வெள்ளைப் பவுடர் படிந்த உடல், பைலட் வழி ஸ்ப்ரேக்குத் திறக்காதது, இந்த மூன்றில் ஒன்று இருந்தால் கொடுக்கும் காசு நியாயம். மாதம் ஒரு முறை ஓடும் வண்டிக்குத் தேவையில்லை.

இந்தச் சேவை தருகிறோம் என்கிற ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டிய கேள்விகள்: கார்பை முழுக்கப் பிரித்துப் போடுவீர்களா, ரப்பரை எடுத்துவிடுவீர்களா, ஒரே பக்கமாக வைப்பீர்களா திருப்பி வைப்பீர்களா? உள் வழியில் காற்று சிக்கினால் அங்கே கரைசல் போகாது, அதிர்வும் போகாது. நடுவில் ஒரு தடவையாவது திருப்ப வேண்டும். வெறும் உடலை அப்படியே முக்கி எடுத்து "அல்ட்ராசோனிக் செய்தாச்சு" என்றால், வெளிப்பக்கம் புதுசாக மின்னும், பைலட் வழி பழையபடி இருக்கும். மின்னுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். காரம் கூடிய கரைசலில் அதிக நேரம் விட்டால் அலுமினியம் கறுக்கும். எடுத்த உடனே சுத்தமான தண்ணீரில் அலசி, எல்லாத் துளையிலும் காற்று அடித்து உலர்த்தாவிட்டால், அடைப்பை நீக்கப் போய் உள்ளே தண்ணீரை வைத்துவிட்டு வருகிறோம் என்று அர்த்தம்.

ஆன்லைனில் விற்கும் நகை, கண்ணாடி கழுவும் சின்ன அல்ட்ராசோனிக் டப்பாவில் ஜெட்களை மட்டும் போடலாம், அதற்கு அது நன்றாகவே வேலை செய்யும். கார்ப் உடலுக்கு அதில் இடமும் போதாது, வலுவும் போதாது. எந்தத் தொட்டியிலும் பெட்ரோலையோ தின்னரையோ ஊற்றாதீர்கள். சூடும் மின்சாரமும் உள்ள பாத்திரத்தில் அது தீ விபத்து.

ரிப்பேர் கிட் – பேக்கிங்குக்கு 4, ஜெட்டுக்கு 2

கிட்டில் கப் பேக்கிங், ஓ-ரிங்குகள், மிதவை ஊசி, சிலதில் மெயின் ஜெட், பைலட் ஜெட், ஏர் ஸ்க்ரூ எல்லாம் இருக்கும். பேக்கிங்கும் ஓ-ரிங்கும் மாற்றுங்கள். பழையது கழற்றும்போதே சுருங்கியிருக்கும். மிதவை ஊசியின் ரப்பர் முனையில் வட்டமாகத் தடம் விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஓவர்ஃப்ளோ நிற்காது. ஊசி உட்காரும் பித்தளை இருக்கையை பட்ஸில் கொஞ்சம் மருந்து தொட்டுத் துடைத்தாலே பாதிக் கசிவு நிற்கும்.

ஜெட் விஷயம் வேறு. பழைய ஜெட் சுத்தமாகத் திறந்துவிட்டால் அதையே போடுங்கள். மலிவுக் கிட்களில் நம்பர் சரியாக அச்சடித்திருக்கும், துளை சரியாக இருக்காது, ஓரத்தில் பிசிறு நிற்கும். கூடவே இன்னொரு குழப்பம்: கைஹின் நம்பர் துளையின் விட்டத்தைச் சொல்லும், இன்னொரு ஜப்பானிய கம்பெனியான மிகுனியின் மெயின் ஜெட் நம்பர் அதன் வழி போகும் பெட்ரோல் அளவைச் சொல்லும். இரண்டு கம்பெனியிலும் 100 என்று இருந்தாலும் ஒரே ஜெட் அல்ல. புல்லட்டில் மிக்கார்ப் என்று அச்சிட்டிருப்பது சென்னை யூகால் தயாரிப்பு, மிகுனி வழி வந்தது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் கார்ப் செய்த கம்பெனியின் ஜெட்டையே நம்பர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

சில கடைகளில் பேக்கிங் தனியாகக் கிடைக்காதபோது சைக்கிள் ட்யூபை வெட்டிப் போட்டுத் தருவார்கள். ரப்பர் விளையும் மாவட்டம்தான், ஆனால் இயற்கை ரப்பரும் ட்யூப் ரப்பரும் பெட்ரோலில் ஊதி, பிய்ந்து, அந்தத் துணுக்கே ஜெட்டை அடைக்கும். பெட்ரோலுக்கு நைட்ரைல் ரப்பர்தான் வேண்டும். இ20-க்கு 'விட்டான்' (Viton) என்ற ரப்பர் இன்னும் நல்லது.

டேங்க் குழாயில் ஃபில்டர் போடச் சொல்வதும் உண்டு. நல்ல யோசனை, ஒரு நிபந்தனையோடு. பம்ப் இல்லாமல் தானாக இறங்கும் பெட்ரோலுக்கு நைலான் வலை உள்ள ஃபில்டர் போடுங்கள். கார்களுக்கான நெருக்கமான காகித ஃபில்டர் போட்டால் கப் நிரம்பப் பிந்தும், முழு ஆக்ஸிலரேட்டரில் மெயின் ஜெட் அடைத்த மாதிரியே வண்டி திணறும்.

ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால்

"மருந்து அடிச்சு ஊதித் தாரேன் அண்ணே" என்று கால்மணி நேரத்தில் முடித்துத் தருவது பாதி வேலை. கப்பை மட்டும் கழற்றி மெயின் ஜெட்டை ஊதிப் போட்டிருப்பார்கள், ஏர் ஸ்க்ரூவைத் தொட்டிருக்க மாட்டார்கள். கூலி பேசும்போதே பைலட் ஜெட்டையும் ஏர் ஸ்க்ரூவையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். பழைய பேக்கிங்கையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மாட்டும்போது ஜெட்களைக் கையால் திருகி, மரையில் சரியாக உட்கார்ந்த பிறகு ஸ்க்ரூடிரைவரால் மெல்ல ஒரு இறுக்கு, அவ்வளவுதான். ஏர் ஸ்க்ரூவைக் குறித்து வைத்த சுற்றுக்கே திறந்து வையுங்கள். குறிப்பு இல்லாவிட்டால் ஒன்றரைச் சுற்றிலிருந்து தொடங்கலாம். வண்டியைப் பத்து நிமிஷம் ஓட்டிச் சூடேற்றி, ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, அந்த ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருகி, இன்ஜின் வேகம் அதிகமாகும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஐட்லிங்கைக் குறையுங்கள். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருகத் திருகப் பெட்ரோல் குறையும். இன்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருகத் திருகப் பெட்ரோல் கூடும். இது தெரியாமல் எதிர்ப்பக்கம் திருகிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

மெயின் ஜெட்டைச் சோதிக்க இந்த மாவட்டத்தில் இருக்கும் வசதி வேறெங்கும் கிடைக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்குக் காற்று காட்டுகிற வேகத்துக்குத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள். காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் நோக்கி எதிர்காற்றில் நேர்ச் சாலையில் வந்தால், முக்காலுக்கு மேல் ஆக்ஸிலரேட்டரைத் தொடர்ந்து பிடிக்க வேண்டிவரும். அங்கே இழுத்தால் மெயின் ஜெட் சரி. திணறினால் உடனே ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். டூ-ஸ்ட்ரோக் வண்டியில் இது ரொம்ப முக்கியம். 2டி ஆயில் கலந்த பெட்ரோலே பிஸ்டனுக்கு எண்ணெய் கொடுக்கிற வண்டியில், ஜெட் பாதி அடைத்தால் எண்ணெயும் பாதிதான் போகும். இன்ஜின் சீஸ் ஆகிப் பின்சக்கரம் இறுகிவிடும். மழை இல்லாத மாதங்களில் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை ஏற்றம் போதும்.

ஓட்டி முடித்ததும் இன்ஜினை ஐட்லிங்கில் விடாமல் அங்கேயே கிளட்ச் பிடித்து அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிப் பொடி நிறம் என்றால் சரி. வெள்ளை வெளேரென்றால் இன்னும் எங்கோ அடைப்பு, அல்லது காற்றுக் கசிவு. கரிக் கறுப்பு என்றால் ஜெட் பெருத்திருக்கிறது, மிதவை மட்டம் கூடியிருக்கிறது, அல்லது சோக் முழுக்க மூடவில்லை.

வெளிநாடு போகிறவர் வண்டியை நிறுத்தும் முன் டேப்பை மூடி, இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிட்டு, அதன் பிறகும் டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து கப்பைக் காலி செய்துவிட்டுப் போகட்டும். ஓடவிட்டு அணைத்தாலும் கப்பின் அடியில் கொஞ்சம் நிற்கும், பைலட் ஜெட்டை அடைப்பது அந்தக் கொஞ்சம்தான். இதற்கு வேண்டியது ஒரு ஸ்க்ரூடிரைவர்.